2012 கோயில் கொடை கேஸ்: தீர்ப்பு நகல் எப்படி வாங்குவது?

கரிசல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கோர்ட் வேலை தெரிஞ்சவங்க யாராவது வழி சொல்லுங்க. என் தம்பிக்காகக் கேக்கிறேன்.

2012 சித்திரையில எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. முளைப்பாரி எந்தத் தெரு வழியாப் போகணும்ங்கிறதுல ரெண்டு தெருக்காரங்களுக்கும் தகராறு வந்து, கம்பு எடுத்து அடிச்சுக்கிட்டாங்க. பெரிய காயம் யாருக்கும் இல்ல. மறுநாள் போலீஸ் எங்க தெருவுல பதினோரு பேர் மேல கேஸ் போட்டாங்க. அதுல தம்பியும் ஒருத்தன். அப்போ அவனுக்கு 19 வயசு, ஐ.டி.ஐ. முடிச்ச வருஷம். ஜாமீன் வாங்கி, பதினஞ்சு நாள் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டான். அப்புறம் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி பஸ் ஏறி வந்து, கோர்ட்டுல நின்னுட்டு, அன்னைக்கு ராத்திரியே திரும்பிப் போவான். 2016 கடைசியில வக்கீல் ஐயா போன் பண்ணி, "விடுதலை ஆயிருச்சு, இனிமே நீ வர வேண்டாம்"னு சொன்னாங்க. எங்கம்மா அன்னைக்கே கோயில்ல போய் தேங்கா உடைச்சாங்க. பேப்பர் எதுவும் நாங்க வாங்கல. வாங்கணும்னே எங்களுக்குத் தெரியாது. வக்கீல் ஐயாவும் 2020ல இறந்துட்டாங்க.

இப்போ தம்பிக்கு கத்தார்ல டிரைவர் வேலை வந்திருக்கு. பாஸ்போர்ட்டுக்குப் போட்டா, போலீஸ் விசாரணையில "வழக்கு நிலுவையில் உள்ளது"ன்னு எழுதிட்டாங்க. பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டு கடிதம் வந்திருக்கு. ஸ்டேஷனுக்குப் போனா, "கம்ப்யூட்டர்ல பெண்டிங்னுதான் காட்டுது, கோர்ட் பேப்பர் கொண்டாங்க"ங்கிறாங்க. கோர்ட்டுக்குப் போனா, "நம்பர் இல்லாம எப்படித் தேடுறது, நம்பரோட வாங்க"ங்கிறாங்க. மூணு தடவை இப்படியே அலைஞ்சுட்டேன். வாசல்ல ஒருத்தர், ஐயாயிரம் குடுத்தா ஒரே நாள்ல எடுத்துத் தர்றேன்னு சொல்றார்.

நம்பர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆர்.டி.ஐ. போட்டா கோர்ட்டுல குடுப்பாங்களா? அக்கா நான் போய் கேட்டா தருவாங்களா, இல்ல தம்பியே வரணுமா? இத்தனை வருஷம் கழிச்சு அந்தக் கேஸ் கட்டு இருக்குமா? தம்பி ஒரு மாச லீவுல வந்திருக்கான், அதுல பத்து நாள் போயிருச்சு.

ஜூனியர் வக்கீல்:

அக்கா, முதலில் வீட்டிலிருந்தபடியே தேடிப் பாருங்கள். ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் என்று அரசின் இணையதளம் இருக்கிறது, அதே பெயரில் கைபேசிச் செயலியும் உண்டு. காசு எதுவும் கிடையாது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் இவற்றைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், வக்கீல் பெயர், தரப்பினர் பெயர் என்று பல வழியில் தேடலாம். உங்களிடம் எண் இல்லாததால் பெயர் வழிதான். முடிந்த வழக்குகளையும் சேர்த்துத் தேடச் சொல்லிக் குறியிடுங்கள், இல்லாவிட்டால் நிலுவையில் இருப்பவை மட்டும் வரும்.

தம்பி பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். பதினோரு பேர் இருக்கும் வழக்கில் பல நேரம் முதல் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பெயரை மட்டும் போட்டு "மற்றும் 10 பேர்" என்று பதிந்திருப்பார்கள். அந்த முதல் எதிரி யார் என்று ஊரில் கேட்டு, அவர் பெயரில் தேடுங்கள். பெயர் ஆங்கிலத்தில் பதியப்பட்டிருக்கும். தங்கராசு என்பதை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதுவார்கள். முழுப் பெயரையும் போடாமல் முதல் நாலைந்து எழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாவட்டத்தையும் கவனியுங்கள். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது, 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. உங்கள் ஊர் அப்படி மாறிய பகுதி என்றால் பழைய மாவட்டம், புதிய மாவட்டம் இரண்டிலும் தேடுங்கள்.

வழக்கு கிடைத்துவிட்டால் சி.என்.ஆர். என்று 16 எழுத்து கொண்ட ஓர் எண் காட்டும். தமிழ்நாட்டு வழக்கு என்றால் டி.என். என்று தொடங்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எப்போது தேடினாலும் அது ஒன்றே போதும். எந்தத் தேதியில் முடிந்தது, எப்படி முடிந்தது என்பதும் அங்கேயே தெரியும். ஆனால் திரையில் தெரிவதை அச்செடுத்துக் கொடுத்தால் பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கும் என்று நம்பியிருக்காதீர்கள். முத்திரையோடு கூடிய சான்றிட்ட நகல்தான் செல்லும்.

ஆர்.டி.ஐ. பற்றிக் கேட்டீர்கள். தீர்ப்பு, சாட்சியம் போன்ற நீதிமன்ற ஆவணங்களின் நகலுக்கு ஆர்.டி.ஐ. வழி இல்லை. உயர் நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. காவல் நிலையம் இணையத்தில் ஏற்றும் எஃப்.ஐ.ஆர். பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற உத்தரவு 2016 செப்டம்பரில் வந்தது. 2012 வழக்கை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பழைய குமாஸ்தா:

அம்மா, நான் வக்கீல் குமாஸ்தாவாக 34 வருஷம் வேலை பார்த்து, இப்போது வீட்டோடு இருக்கிறேன். உங்கள் கேள்வியை ரெண்டு தடவை படித்தேன். வக்கீல் தம்பி சொன்னது எல்லாம் சரி. கவுண்டரில் நிற்கும்போது தெரிய வேண்டியதை நான் சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. தீர்ப்புச் சொன்ன நாளில் தம்பி கோர்ட்டில் இருந்தாரா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் போனில்தான் தெரிந்துகொண்டார் போலத் தெரிகிறது. வக்கீல் ஆஜராகி, எதிரி வராமலேயே விடுதலை சொல்வதும் உண்டு, சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் இன்னொன்றும் நடக்கும். பதினோரு பேரில் ரெண்டு பேர் தொடர்ந்து வாய்தாவுக்கு வரவில்லை என்றால், அவர்களுக்காக மற்ற ஒன்பது பேரை எத்தனை வருஷம் நிறுத்தி வைக்க முடியும்? வராதவர்களைத் தனியாகப் பிரித்து, அவர்களுக்கு வேறு நம்பர் போட்டு, பிடிவாரண்ட் பிறப்பித்துவிட்டு, வந்தவர்களுக்கு விசாரணையை முடிப்பார்கள். ஸ்பிளிட் அப் என்போம். பிரித்த கேஸ் ரொம்ப நாள் கிடந்தால் எல்.பி.சி. என்ற நெடுநாள் நிலுவை வழக்குப் பதிவேட்டுக்குப் போய்விடும். ஊரில் எல்லோரும் "கேஸ் முடிஞ்சிருச்சு" என்பார்கள், ஒருத்தனுக்கு மட்டும் முடிந்திருக்காது. ஸ்டேஷனில் பெண்டிங் என்று சொல்வதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறதா, அல்லது கோர்ட்டில் முடிந்ததை அவர்கள் கணினியில் ஏற்றவில்லையா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ரெண்டாவதாகத்தான் இருக்கும். ஆனாலும் தீர்ப்பு கையில் கிடைத்ததும் முதல் பக்கத்தில் எதிரிகள் பட்டியலில் தம்பி பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

இப்போது நம்பர் விஷயம். ஒரு கேஸுக்கு ரெண்டு நம்பர். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடும்போது குற்ற எண். கோர்ட் குற்றப்பத்திரிகையைக் கோப்பில் எடுத்த பிறகு சி.சி. நம்பர். உங்களுக்குக் கவுண்டரில் வேண்டியது சி.சி. நம்பர். சம்பவம் 2012 என்பதால் 2012-லேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள். குற்றப்பத்திரிகை ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் சி.சி. நம்பர் 2013, ஏன் 2014 என்றுகூட இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் திரும்பிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம்பர் எங்கே ஒளிந்திருக்கும் என்றால், தம்பிக்கு வந்த சம்மன் சீட்டு வீட்டில் ஏதாவது டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டு கவரில் கிடக்கலாம். ஜாமீன் கொடுத்த ரெண்டு பேரைக் கேளுங்கள். வீட்டு வரி ரசீது கொடுத்து ஜாமீன் நின்றவர்கள் அந்தப் பேப்பரைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், பயம் அப்படி. மற்ற பத்துப் பேரில் யாராவது நகல் வாங்கியிருக்கலாம். அப்புறம், இறந்துபோன வக்கீலின் குமாஸ்தா யார் என்று பார் அசோசியேஷனில் விசாரியுங்கள். வக்கீல் போய்விட்டாலும் வாய்தா டைரி எங்கேயும் போகாது. நானே என் சீனியரின் 1989 டைரியிலிருந்து இன்னும் வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்தக் குமாஸ்தா டைரியைப் புரட்டினால் பத்து நிமிஷ வேலை.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். தீர்ப்பு நகலைக் கேட்காதீர்கள், தகவலைக் கேளுங்கள்: இந்தத் தேதியில், இந்த ஸ்டேஷனில், இன்னார் பேரில் போட்ட வழக்கின் குற்ற எண் என்ன, எந்தக் கோர்ட்டில் என்ன நம்பரில் கோப்பில் எடுக்கப்பட்டது, எப்போது முடிந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாள் அவகாசம் அவர்களுக்கு உண்டு என்பதால் இதை மட்டும் நம்பியிராமல் மற்றதோடு சேர்த்துச் செய்யுங்கள்.

நகல் மனு. தம்பியே ஊரில் இருக்கிறார் என்பதால் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அவர் அந்த வழக்கில் எதிரி, அவருக்கு நகல் பெற உரிமை இருக்கிறது. நீங்கள் போட்டால் மூன்றாம் நபர் ஆகிவிடுவீர்கள், எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் வைத்து உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். மனுவில் கோர்ட் பெயர், சி.சி. நம்பர், தரப்பினர் பெயர், தம்பி எத்தனையாவது எதிரி, தீர்ப்புத் தேதி, என்ன ஆவணம் என்று தெளிவாக எழுதுங்கள். "எல்லா ஆவணங்களும்" என்று எழுதாதீர்கள். உங்களுக்கு வேண்டியது தீர்ப்பு மட்டும். முழுக் கட்டையும் கேட்டால் அத்தனை பக்கத்துக்கும் செலவு, அத்தனை நாள் தாமதம்.

மனு கொடுத்ததும் அந்த நகல் மனுவுக்கு ஒரு சி.ஏ. நம்பர் தருவார்கள். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு வேலை முடிந்தது என்று ஊருக்குப் போய்விடக் கூடாது. கட்டு ரெக்கார்டு ரூமிலிருந்து வந்து, எத்தனை பக்கம் என்று எண்ணி, இவ்வளவு ஸ்டாம்ப் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். "கால்டு ஃபார்" என்போம். குறித்த நாளுக்குள் ஸ்டாம்ப் கட்டவில்லை என்றால் மனு தள்ளுபடி, திரும்பவும் முதலிலிருந்து. வெளியூர்க்காரர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். தினமும் ஒருத்தர் போய்ப் பலகையைப் பாருங்கள். நகல் கையில் வரும்போது கடைசிப் பக்கத்தில் மனு கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாகத் தேதி இருக்கும். அந்தப் பக்கமும், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.

கட்டு இருக்குமா என்று கேட்டீர்கள். எல்லாக் கட்டையும் காலகாலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். 1917-ம் வருஷச் சட்டம் ஒன்றின் கீழ் உயர் நீதிமன்றம் விதி வகுத்திருக்கிறது, கெடு முடிந்தவற்றை அழிப்பார்கள். அப்படி அழித்திருந்தால் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டாம். உங்கள் மனுவிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதோடு சி.சி. பதிவேட்டில் அந்த வழக்குக்கு உரிய பதிவின் நகலைக் கேளுங்கள். என்ன முடிவு, எந்தத் தேதி என்று அதில் இருக்கும்.

வாசலில் நிற்பவருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஸ்டாம்புச் செலவு அதில் சிறு பங்குகூட வராது. மனு எழுதத் தெரியவில்லை என்றால் அதே வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கும், இலவசமாக உதவுவார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் பண்ணினாலும் வழி சொல்வார்கள்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1998-ல் எங்கள் ஆபீஸில் ஒரு லாரி டிரைவருக்கு அடிதடி கேஸில் விடுதலை கிடைத்தது. தீர்ப்பு முடிந்து வெளியே வந்ததும், "அண்ணாச்சி, பேப்பர் ஏதும் வாங்கணுமா?" என்று என்னைத்தான் கேட்டார். அன்றைக்கு எனக்கு வேறு நாலு வாய்தா. "அதெல்லாம் வேண்டாம், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். விசாரணை நடக்கும்போது ஒரு வாய்தாவுக்கு வராமல் அவர் மேல் வாரண்ட் ஆகி, அதை நாங்களே ரத்து செய்திருந்தோம். அது ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவில்லை. நாலு வருஷம் கழித்து, தீபாவளிக்கு முந்தின நாள் வண்டி தணிக்கையில் அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். காட்டுவதற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கோர்ட் விடுமுறை. ரெண்டு ராத்திரி. அவர் சம்சாரம் கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் எந்தக் கேஸ் முடிந்தாலும் அன்றைக்கே நான் நகல் மனு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மகளைப் பெற்றவன்:

இந்தக் கேள்விக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் மேல் ஏதோ கேஸ் இருந்ததாக ஒருவர் காதில் போட்டுவிட்டுப் போனார். மேலே சொன்ன தளத்தில் பையன் பெயரைப் போட்டால் ஒரு கிரிமினல் வழக்கு வருகிறது. அதன் குற்றப்பத்திரிகையை நான் வாங்க முடியுமா? ராத்திரி தூக்கம் இல்லை.

ஜூனியர் வக்கீல்:

ஐயா, குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வழக்கில் சம்பந்தமில்லாதவருக்கு அது எளிதில் கிடைக்காது. தீர்ப்பாகிவிட்ட வழக்கு என்றால், காரணம் சொல்லி மூன்றாம் நபராக நகல் மனு போடலாம், உத்தரவிடுவது நீதிபதியின் விருப்பம். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளமும், சிறார் வழக்குகளில் சிறாரின் அடையாளமும் வெளியே வரக் கூடாது.

அதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே விண்ணப்பித்துச் சான்று வாங்கலாம். பையன் வீட்டாரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஒளிவுமறைவு இல்லாதவர்கள் என்றால் தருவார்கள்.

பழைய குமாஸ்தா:

ஐயா, பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். முருகன் என்றும் மாரியப்பன் என்றும் ஒரே தெருவில் நாலு பேர் இருப்பார்கள். எங்கள் கோர்ட்டில் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் ஒன்றாகவே இருந்த ரெண்டு பேரில், சம்பந்தமே இல்லாதவருக்குச் சம்மன் போய், அவர் மூன்று வாய்தா அலைந்தார். தளத்தில் வயதும் முகவரியும் சரியாகத் தெரியாது. வழக்கு என்ன பிரிவு, எப்படி முடிந்தது என்பதையும் பாருங்கள். சாலை மறியலில் போட்ட வழக்கும் கிரிமினல் வழக்கு என்ற பட்டியலில்தான் வரும். நேரில் அந்தப் பையனிடமே கேளுங்கள், அவர் சொல்வதைப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கரிசல்காரி:

பதினாறு நாள் கழிச்சு எழுதுறேன். நகல் கையில இருக்கு! எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

தம்பி பேர்ல தேடினப்போ ஒண்ணுமே வரல. முதல் எதிரி எங்க பெரியப்பா முறை. அவங்க பேரை மூணு விதமா எழுதிப் பார்த்தோம். மூணாவதுல வந்துச்சு. குமாஸ்தா ஐயா சொன்ன மாதிரியே, சம்பவம் 2012, சி.சி. நம்பர் 2013. நாங்க மூணு தடவை போனப்பவும் "2012 கேஸ்"னே சொல்லிக்கிட்டு இருந்தோம்.

தம்பியே மனு எழுதிக் குடுத்தான். நம்பரோட போனதும் கவுண்டர்ல எதுவும் சொல்லாம வாங்கிக்கிட்டாங்க. கட்டு பழைய கட்டடத்துல இருந்து வரணும்னு நாலு நாள் ஆச்சு. நான் தினமும் காலையில பஸ் ஏறிப் போய்ப் பலகையைப் பார்த்தேன். ஸ்டாம்ப் கேட்ட அன்னைக்கே கட்டிட்டோம். அடுத்த வாரம் நகல் வந்துருச்சு. ஒம்பது பக்கம், எல்லாம் தமிழ்ல. அந்த அஞ்சு தேதியும் இருக்கு, முத்திரையும் எண்ணிப் பார்த்தேன். வாசல்காரருக்கு எதுவும் குடுக்கல.

படிச்சப்போ தம்பி கை நடுங்குச்சு. நாலு சாட்சி பிறழ்சாட்சியா மாறியிருக்காங்க. கடைசியில "சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து, குற்ற விசாரணை முறைச் சட்டம் பிரிவு 248(1)-ன் கீழ் விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது"ன்னு இருக்கு. தம்பி ஏழாவது எதிரி, பேர் தெளிவா இருக்கு. ஸ்டேஷன்ல மனுவோட ஒரு பிரதி குடுத்து ரசீது வாங்கிட்டோம், எஸ்.பி. ஆபீஸுக்கும் ஒண்ணு அனுப்பினோம். பாஸ்போர்ட் ஆபீஸுக்கு விளக்கம் எழுதி நகலை இணைச்சாச்சு. பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறதா செய்தி வந்திருக்கு.

ஆனா இன்னொண்ணு கேக்கணும். விடுதலை ஆனவங்க பத்து பேர்தான். முதல் பக்கத்துல ஒம்பதாவது எதிரியோட பேருக்கு எதிர்ல "வழக்கு பிரிக்கப்பட்டது"ன்னு போட்டிருக்கு. அவன் எங்க தெருதான், தம்பியோட பள்ளிக்கூடத்துல படிச்சவன். கேரளாவுல கட்டட வேலை பார்க்கிறான். அவங்க அம்மா இன்னும் தன் மகனுக்கும் விடுதலை ஆயிருச்சுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் போய் எப்படிச் சொல்றது, என்ன செய்யச் சொல்றது?

ஜூனியர் வக்கீல்:

நல்ல செய்தி அக்கா. "சந்தேகத்தின் பலன்" என்ற வரியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 6(2)(எஃப்) பார்ப்பது கிரிமினல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதைத்தான். விடுதலை எந்த அடிப்படையில் என்பது அங்கே பொருட்டல்ல. அந்த வரி பாதிப்பது தமிழ்நாடு போலீஸ் வேலைக்குப் போகிறவர்களைத்தான். சந்தேகத்தின் பலனிலோ சாட்சி பிறழ்ந்ததாலோ விடுதலையானவரை வழக்கில் தொடர்புடையவராகவே அவர்களின் பணி விதி கருதுகிறது. உங்கள் தெருவில் யாராவது சீருடைப் பணிக்கு விண்ணப்பித்தால் வழக்கை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்பதாவது எதிரிக்கு ஒரு தகவல். வழக்கு நிலுவையில் இருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால் பாஸ்போர்ட் வாங்க மத்திய அரசின் 1993 ஆகஸ்ட் 25-ம் தேதி அறிவிக்கை வழி செய்கிறது. ஆனால் முதலில் வாரண்டைச் சரி செய்ய வேண்டும்.

பழைய குமாஸ்தா:

அம்மா, அந்தத் தாயிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நகலை எடுத்துக்கொண்டு போங்கள், அந்த வரியைக் காட்டுங்கள். பதற்றப்பட வைக்காமல், இதைச் சரி செய்துவிடலாம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள்.

வாரண்ட் காலாவதி ஆகாது. பிறப்பித்த கோர்ட்டே ரத்து செய்யும் வரை, அல்லது போலீஸ் நிறைவேற்றும் வரை அது உயிரோடுதான் இருக்கும். அதனால் போலீஸ் வந்து கூட்டிப் போகும் வரை காத்திருக்கக் கூடாது. நீங்கள் நம்பர் கண்டுபிடித்த அதே வழியில் பிரித்த வழக்கின் நம்பரைக் கண்டுபிடியுங்கள். இறந்த வக்கீல் ஐயாவின் ஜூனியர் யாராவது இருந்தால் அவரையே வையுங்கள், கேஸ் பழக்கம் இருக்கும். பையன் கேரளாவிலிருந்து வந்து, தானாகக் கோர்ட்டில் ஆஜராகி, வாரண்டை ரத்து செய்யும்படி வக்கீல் மூலம் மனு கொடுக்க வேண்டும். வராமல் இருந்ததற்கு என்ன காரணமோ அதை உள்ளபடி எழுதட்டும். மற்ற பத்துப் பேருக்கும் விடுதலையான தீர்ப்பு நகல் ஒன்று அவர் கையிலும் இருக்க வேண்டும். உங்களுடையதை ஜெராக்ஸ் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள், அவர் தனியாகச் சான்றிட்ட நகலுக்கு மனு போடட்டும்.

ஜாமீனுக்கு ரெண்டு பேர் கேட்டால் கையில் ஆள் இருக்க வேண்டும், வீட்டு வரி ரசீது, ஆதாரோடு. தனியாக வர வேண்டாம், உங்கள் தம்பியையும் கூட அனுப்பி வையுங்கள். திங்கட்கிழமையும் விடுமுறைக்கு முந்தின நாளும் வேண்டாம். செவ்வாய் அல்லது புதன், காலை பத்து மணிக்கெல்லாம் வளாகத்தில் இருக்கச் சொல்லுங்கள். வாரண்ட் ரத்தான உத்தரவுக்கும் அன்றைக்கே நகல் மனு.